ரவைகளை எண்ணும் சட்டமும் துவக்குகளை எண்ணாத அரசும்

ஒரு துப்பாக்கியை மீள நிரப்பாமல் எத்தனை தடவை சுட முடியும்? இக்கேள்வி உலகின் பல நாடாளுமன்றங்களையும் நீதிமன்றங்களையும் கடந்த சில தசாப்தங்களாகத் தொல்லைப்படுத்தி வருகிறது. ரவைகளை அடுக்கி வைத்துத் துப்பாக்கியில் பொருத்தும் சிறு பெட்டியை நம்மவர் ரவைக்கூடு என்பர். அந்தக் கூட்டில் எத்தனை ரவை இருக்கலாம் என்று வரையறுப்பதும், வரம்பை மீறியவருக்குத் தண்டனை விதிப்பதும் இன்று ஒரு தனிச் சட்டத்துறையாகவே வளர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பத்து ரவைகளுக்கு மேல் கொள்ளும் கூடுகளைப் புதிதாக உற்பத்தி செய்து பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. பத்து ஆண்டுக் கெடு முடிந்து 2004 இல் அது காலாவதியாயிற்று. அதன்பின் இவ்விடயம் அந்தந்த மாநிலங்களின் கையில் இருக்கிறது. நியூ ஜேர்சி 1990 இல் பதினைந்து என வைத்த வரம்பை 2018 இல் பத்தாகக் குறைத்தது. கொலராடோ 2013 இல் பதினைந்து என்றது. கனெக்டிகட், சாண்டி ஹூக் பாடசாலைப் படுகொலையின் பின் அதே 2013 இல் பத்து என்றது. தண்டனைகளோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உடையவை. வரம்பு மீறிய கூடு ஒன்றைக் கைவசம் வைத்திருந்தமைக்குக் கலிபோர்னியாவில் நூறு டொலர் குற்றப்பணத்தோடு ஒருவர் தப்பிவிடக்கூடும். மசாச்சுசெற்ஸில் உரிய அனுமதியின்றி அதை வைத்திருந்தால் இரண்டரை ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை செல்ல நேரும்.

இந்த வரம்புக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் எளிமையானது. 2011 சனவரியில் அரிசோனா மாநிலத்தின் டூசன் நகரில் ஒருவன் முப்பத்து மூன்று ரவைகள் கொள்ளும் கூட்டுடன் மக்கள் கூட்டத்துள் புகுந்து சுட்டான். கூடு தீர்ந்து மறு கூட்டை மாட்ட முனைந்த கணத்தில்தான் அருகில் நின்றவர்கள் பாய்ந்து அவனை மடக்கினர். அந்தக் கணம் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு உயிர்கள் தப்பும் என்பதே வரம்பு கோருவோரின் வாதம். தற்காப்புக்காகச் சுடுபவனுக்கும் அதே கணம் ஆபத்தானது என்பது எதிர்த்தரப்பின் பதில். இவ்வழக்குகள் நீதிமன்றங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இந்த வாதத்தோடு என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். சம்பந்தம் உண்டு. இலங்கைச் சட்டமும் தனக்கே உரிய வழியில் ரவைகளை எண்ணித் தண்டனையை ஏற்றி வந்த சட்டமே. அச்சட்டம் மிகக் கடுமையாக இருந்த ஆண்டுகளிலேயே நமது தீவகத்தில் துவக்கின் ஆட்சியும் உச்சத்தில் இருந்தது. கடுமையும் கட்டுப்பாடும் ஒன்றல்ல என்பதற்குத் தீவகத்தைவிடத் தெளிவான உதாரணம் இலங்கையில் இல்லை என்பது என் எண்ணம்.

கச்சேரிக் காலம்

இலங்கையில் துப்பாக்கிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். 1915 இல் நாட்டை உலுக்கிய கலவரத்தையும் இராணுவச் சட்ட ஆட்சியையும் அடுத்த ஆண்டில் அது பிறந்தது. குடியேற்ற ஆட்சியாளர் குடிமக்களின் கையிலுள்ள ஆயுதத்தை ஐயத்தோடு நோக்கியமை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது.

1916 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி அனுமதிப்பத்திரம். துவக்கு வேண்டுபவர் மாவட்டத்தின் அரசாங்க அதிபரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்து அனுமதி வழங்குவார். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆக, எந்தத் துவக்கு எவர் வீட்டில் இருக்கிறது என்பது கச்சேரிப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

அந்நாளில் நமது பகுதிகளில் புழங்கியவை பெரும்பாலும் சொட்கன்களும் இடியன் துவக்குகளுமே. இடியன் துவக்கில் மருந்தையும் சன்னத்தையும் குழல்வாய் வழியே போட்டுக் கம்பியால் இடித்துத் திணித்த பின்னரே சுட முடியும். ஒரு வெடிக்குப்பின் மறு வெடிக்கு நிமிடங்கள் செல்லும். சொட்கன்களில் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் உண்டு; இரட்டைக் குழலிலும் இரண்டே வெடிதான். ரவைகளை எண்ண வேண்டிய தேவை அப்போது சட்டத்திற்கு இருக்கவில்லை. ஆட்களை எண்ணினால் போதுமானதாக இருந்தது. சட்டத்தின் வலிமை தண்டனையில் அன்றிப் பதிவேட்டில் இருந்த காலம் அது.

இரண்டு வெடியிலிருந்து முப்பது வெடிக்கு

1975 சூலை 27 ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா, காரைநகருக்குச் செல்லும் கடல்வழிப் பாதையின் வாயிலில் உள்ள பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவை கைத்துப்பாக்கிகள். அதன்பின் இயக்கங்கள் முதலில் தேடிச் சென்றவற்றுள் அனுமதிப்பத்திரத்துடன் வீடுகளில் இருந்த சொட்கன்களும் அடங்கும். கச்சேரி எண்ணி வைத்த துவக்குகள் கச்சேரியின் கணக்கிலிருந்து மறையத் தொடங்கியது இவ்வாறுதான்.

1983 சூலை 23 ஆம் திகதி திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டதும், அதையடுத்துத் தென்னிலங்கையில் தமிழர் கொன்று குவிக்கப்பட்டதும் வரலாறு. அடுத்த சில ஆண்டுகளுள் இருதரப்பாரின் தோளிலும் தன்னியக்கத் துப்பாக்கிகள் ஏறிவிட்டன. சீனத் தயாரிப்பான ரி-56 இன் வளைந்த கூட்டில் முப்பது ரவைகள். விசையை அழுத்திப் பிடித்தால் சில விநாடிகளில் கூடு காலியாகிவிடும். இடியன் துவக்கிலிருந்து இந்த இடத்திற்கு நாம் வந்து சேர ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1966 ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதங்கள் சட்டம் குண்டுகளையும் கைக்குண்டுகளையும் தண்டனைக்குள் கொணர்ந்திருந்தது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், பாதுகாப்புப் பிரதேசமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அதிகாரமின்றி ஆயுதம் வைத்திருப்போருக்கு ஐந்து முதல் இருபது ஆண்டுச் சிறை என்றது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக்கியது. 1983 சூனில் வந்த 15ஏ அவசரகால விதி, மரண விசாரணையின்றியே சடலங்களை அப்புறப்படுத்தப் படையினருக்கு வழிவகுத்தது. குடிமகனின் கையிலிருந்த துவக்கின் மீது சட்டத்தின் பிடி இறுகியது. அரசின் கையிலிருந்த துவக்கின் மீது அதே சட்டத்தின் பிடி தளர்ந்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

குமுதினி

1985 மே 15 ஆம் திகதி காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. பயணிகள் ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. குறைந்தது இருபத்து மூன்று பேர் கொல்லப்பட்டதாக சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. உள்ளூர்க் கணக்குகள் முப்பதுக்கு மேல் சொல்கின்றன. வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியோர் சாட்சியமளித்தனர். எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

கொல்லப் பயன்பட்டவை கத்தியும் கோடரியும் போன்றவை. ஆயினும், ஒரு படகு நிறைந்த மக்கள் எதிர்ப்பின்றி ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்றது எதற்கு அஞ்சி? சுடாத துவக்கும் ஆட்சி செய்யும். ரவைக்கூட்டின் கொள்ளளவை அளக்கும் எந்தச் சட்டத்தாலும் அந்த அச்சத்தை அளக்க முடியாது. கடல் சூழ்ந்த தீவில் தப்பியோடும் வழி படகுதான். அந்தப் படகே கொலைக்களமான பின், தீவார் எங்கு ஓடுவர்?

ஆயுட்சிறை வந்த காலம்

1990 ஓகஸ்டில் தீவகத்தின் பெரும்பகுதி அரச படைகளின் கைக்கு வந்தது. மக்களில் பலர் வெளியேறினர். எஞ்சியோர் மீது படையினரோடு, அவர்களின் துணையுடன் இயங்கிய ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஆயுதந்தாங்கிய உறுப்பினரும் அதிகாரம் செலுத்தினர். 1994 ஓகஸ்ட் பொதுத்தேர்தலில், ஏறத்தாழ ஆறு இலட்சம் பதிவுசெய்த வாக்காளரைக் கொண்ட யாழ் மாவட்டத்தில், பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன் அக்கட்சியினரின் குழு ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால் அவ்வாக்குகளில் பெரும்பகுதி தீவகத்திலிருந்தே வந்தது. துவக்கின் நிழலில் ஒரு சிறு நிலப்பரப்பு முழு மாவட்டத்தின் பிரதிநிதித்துவத்தையும் தீர்மானித்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. நாம் தொடக்கத்தில் பேசிய விடயத்திற்கு இலங்கையில் மிக அண்மித்து நிற்பது இச்சட்டமே. அது சாதாரணத் துப்பாக்கியை ஒரு தட்டிலும், தன்னியக்கத் துப்பாக்கியையும் ரிப்பீற்றர் சொட்கனையும் மறு தட்டிலும் வைத்தது. ரிப்பீற்றர் என்பது பல தோட்டாக்களை உள்ளே கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் திறந்து நிரப்பாமல் அடுத்தடுத்துச் சுடவல்ல சொட்கன். அதாவது தோட்டத்திற்கு வரும் விலங்கை விரட்டும் துவக்குக்கும் ஆட்களைக் கூட்டமாகச் சாய்க்கும் துவக்குக்கும் இடையில் கோடு கிழிக்க, மீள நிரப்பாமல் எத்தனை வெடி என்ற அதே அளவுகோலைத்தான் இலங்கையும் எடுத்தது. இரண்டாம் தட்டில் உள்ளவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு ஆயுட்சிறை வரை தண்டனை. குறிப்பிட்ட குற்றங்களைத் துப்பாக்கி கொண்டு புரிந்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. 1976 இன் பின் எவரும் தூக்கிலிடப்படாத நாட்டில் இம்மரண தண்டனை ஏட்டளவில்தான் நின்றது என்பது வேறு விடயம்.

இந்தியாவும் இதே பாதையில் சென்று ஒரு கட்டத்தில் நின்று யோசித்தது. விசையை விடும்வரை அல்லது கூடு தீரும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கியை அந்நாட்டின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. அத்தகைய ஆயுதத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் மரண தண்டனையே, வேறு தெரிவில்லை என்று 1988 இல் ஒரு திருத்தம் வந்தது. பஞ்சாப் அரசு எதிர் தல்பீர் சிங் என்ற வழக்கில், 2012 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. நீதிபதிக்குத் தெரிவே இல்லாத தண்டனை நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்பதற்கான தண்டனை ஏழு முதல் பதினான்கு ஆண்டுகள் என உயர்த்தப்பட்டது. கடுமைக்கும் எல்லை உண்டு என்ற விவாதமாவது அங்கு நடந்தது.

இங்கோ, ஆயுட்சிறைச் சட்டம் அச்சேறிய காலத்தில், தீவகத்து வீதிகளில் சீருடை அணியாதோரின் தோளில் ரி-56 தொங்கியது. அதற்கு எந்தக் கச்சேரி அனுமதிப்பத்திரம் வழங்கியது? இதைத் தீவார் மட்டும் சொல்லவில்லை. 2002 பெப்ரவரி 22 ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8 ஆம் பிரிவில் அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை முப்பது நாள்களுக்குள் அரசாங்கம் களையும். விரும்பினால் அவ்வுறுப்பினர் வடக்குக் கிழக்குக்கு வெளியே படையில் இணைக்கப்படுவர் என்று அப்பிரிவு கூறிற்று. முப்பது நாளில் களைய முடிந்த ஆயுதம் எங்கே, எவரிடம், எத்தனை இருக்கிறது என்பது களைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எண்ணிக்கை தெரிந்திருந்தது. குடிமக்களுக்கு அது காட்டப்படவில்லை.

புலிகளின் பக்கத்திலும் கதை வேறன்று. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதியில் துவக்கு அவர்களுக்கு மட்டுமே உரியது. மாற்று இயக்கத்தவரும் மாற்றுக் கருத்தினரும் அதற்கு இரையாயினர். துரோகி என்ற ஒரு சொல் அங்கு குற்றப்பத்திரமும் தீர்ப்புமாக இருந்தது. தமக்கு வேண்டியவரின் துவக்கைக் காணாமலும் வேண்டாதவரின் துவக்கை மட்டும் எண்ணியும் பழகிய நோய் அரசுக்கு மட்டும் உரியதன்று.

ஒரு வழக்குக்குப் பதினைந்து ஆண்டு

2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், யாழ் நகரில் தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் நடந்த பொதுத்தேர்தலின் முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி அனுப்பியிருந்தார். ஊரடங்கு வேளையில், படையினரின் சோதனைச் சாவடிகள் நிறைந்த பகுதியில், துப்பாக்கியோடு வந்து திரும்பிப் போகக்கூடியவர் யார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021 இல், சந்தேக நபர்களை விடுவிக்குமாறு சட்டமா அதிபர் அறிவுறுத்தினார். 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிஸார் இக்கொலை தொடர்பில் அந்நாட்டில் ஒருவரைக் கைதுசெய்தனர். இலங்கைச் சட்டம் கைவிட்ட துவக்கை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பொலிஸார் தேடினர்.

2001 நவம்பர் 28 ஆம் திகதி, பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஊர்காவற்றுறையை அண்டிய நாரந்தனையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரின் பிரசார அணி தாக்கப்பட்டது. இருவர் கொல்லப்பட்டனர். மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயமுற்றனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2016 இல்தான் யாழ் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் ஈ.பி.டி.பி. உறுப்பினர் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டு மரண தண்டனை விதித்தார். மூவருள் இருவர் அதற்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறிவிட்டனர்.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் சட்டப் புத்தகத்தில் தண்டனைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டியவை வேறு: சாட்சி சொல்ல அஞ்சாத சூழல், சந்தேக நபர் விமான நிலையத்தைக் கடக்க முடியாத நிலை, ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் துணிந்த விசாரணையாளர். இவை எதையும் தண்டனையின் ஆண்டுகளைக் கூட்டிப் பெற்றுவிட முடியாது.

நாரந்தனையிலாவது ஒரு தீர்ப்பு வந்தது. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் அதை அண்டிய இடங்களிலுமாகப் பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் சிறு குழந்தைகளும் அடக்கம். அதற்குத் தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

போருக்குப் பின்

2009 இல் போர் முடிந்தது. 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, சட்டவிரோத ஆயுதக் குழுக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைய வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2013 நவம்பரில் நெடுந்தீவுப் பிரதேச சபையின் தலைவர் புங்குடுதீவிலுள்ள தம் வீட்டில் இறந்து கிடந்தார். முதலில் தற்கொலை என்று பேசப்பட்ட அம்மரணம் துப்பாக்கிச் சூட்டினால் நேர்ந்தது என்பது பிரேத பரிசோதனையிலேயே வெளிப்பட்டது. போர் ஓய்ந்து நான்கு ஆண்டு கழிந்த பின்னரும் தீவகத்து வீடொன்றுக்குள் துவக்கு நுழைய முடிந்தது.

தென்னிலங்கை இப்போது அதே பாடத்தைத் தாமதமாகப் படிக்கிறது. தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் கட்டளையிட்டது. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு கைதி சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி உள்ளே வந்தது, பக்கங்கள் வெட்டிக் குடையப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துள் மறைந்து. அது சுழல் துப்பாக்கி, ரவைக்கூடே இல்லாதது. அம்மாத இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, ஒரே படைமுகாமிலிருந்து எழுபத்து மூன்று ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தவரிடம் சென்றதையும், அவற்றுள் முப்பத்தெட்டு மீட்கப்பட்டதையும் பாராளுமன்றத்தில் கூறினார். ஒவ்வொன்றும் ஆயுட்சிறைக்குரிய ஆயுதம். அவை கள்ளக்கடத்தலில் கடல் கடந்து வந்தவையல்ல. அரசின் களஞ்சியத்திலிருந்து நடந்து போனவை.

ரவைக்கூட்டுக்கு வரம்பு விதிப்பது வீண் என்று சொல்வது என் நோக்கமன்று. டூசனில் கிடைத்த அந்த ஒரு கணம் உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அத்தகைய சட்டம், துவக்குகள் கடையில் விற்கப்பட்டுப் பற்றுச்சீட்டோடு வீடு செல்லும் சமூகத்திற்கு உரியது. களஞ்சியத்திலிருந்து குழுக்களுக்குத் துவக்கு கைமாறிய ஒரு நாட்டில் முதலில் கேட்க வேண்டிய கணக்கு வேறு: 1983 முதல் சீருடைக்கு வெளியே எத்தனை துவக்குகள் வழங்கப்பட்டன, எவரிடம், எவரின் ஒப்பத்துடன், எத்தனை திரும்பின?

அந்தக் கணக்கு எங்கோ ஒரு கோப்பில் இருக்க வேண்டும். துவக்கை வாங்குபவர் ஒப்பமிடாமல் எந்தக் களஞ்சியப் பொறுப்பாளரும் அதைக் கொடுத்திருக்க மாட்டார். 1916 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நெடுந்தீவு விவசாயியின் ஒற்றைக்குழல் துவக்குக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்டது. அதே கணக்கை இன்று அந்த விவசாயியின் பேரப்பிள்ளைகள் அரசிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கோப்பைத் திறந்தால் போதும்.